ஒற்றும் தூதும்: ஈழப் போர்க்காலப் பேச்சுவார்த்தைகளில் இந்திய உளவு அமைப்புகள்

ஆயுதம் ஏந்திய இயக்கத்தோடு போரிடும் எந்த அரசும், அந்த இயக்கத்தோடு பேசவே மாட்டோம் என்று மேடையில் சொல்லிக்கொண்டே, யாரேனும் ஒருவர் வழியாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் வெளியுறவு அமைச்சகத்தின் தூதராக இருப்பதில்லை. உளவு அமைப்பின் அதிகாரியாகவே இருக்கிறார். தூதர் ஒருவர் போராளித் தலைவரைச் சந்தித்தால், அந்த இயக்கத்தை அரசு அங்கீகரித்துவிட்டது என்ற பொருள் அச்சந்திப்புக்கு ஏறிவிடும். உளவு அதிகாரியின் சந்திப்போ நடக்கவே இல்லை என்று மறுநாள் நாடாளுமன்றத்தில் மறுக்கத்தக்கது. வெளியே தெரியாமல், எழுத்தில் பதியாமல், தேவைப்பட்டால் மறுக்கத்தக்க விதத்தில் நடைபெறும் இத்தகைய பேச்சைப் பின்வாசல் தொடர்பு என்று சொல்வது வழக்கம். போர்க்காலத்தில் பின்வாசல் தொடர்பு தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வாசலில் நிற்பவர், எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுப்பவராகவும் அதைப் பறிப்பவராகவும் அதற்குள் வேவு பார்ப்பவராகவும் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 1983 முதல் 1990 வரை இந்தியாவுக்கும் ஈழப் போராளி இயக்கங்களுக்கும் இடையே நடந்தவையே மிகத் தெளிவான சான்று.

திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடல் 59ஆம் அதிகாரமாகவும் தூது 69ஆம் அதிகாரமாகவும் அமைந்திருக்கின்றன. ஒற்றாடல் அரசியலிலும் தூது அமைச்சியலிலும் வைக்கப்பட்டிருப்பது ஓர் அடுக்குமுறை மட்டுமன்று, ஆட்சிமுறை பற்றிய ஒரு பார்வையும் ஆகும். ஒற்றன் கண்டறிந்து அரசனுக்குச் சொல்பவன். தூதன் அரசன் சொல்லைப் பிறர் அவையில் தன் உயிரைப் பணயம் வைத்து எடுத்துரைப்பவன். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்துகிறார். தூதன் சொல்லிலோ வாய்மையையும் துணிவையும் எதிர்பார்க்கிறார். இந்த இரு பணிகளும் ஒரே கையில் சேர்ந்ததன் விளைவை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணம் வரை செல்ல வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தின் மேற்கு விளிம்பிலிருந்தே தொடங்கலாம்.

மேட்டூர் அணைக்கு வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி, பாலமலையின் பக்கமாக அமைந்திருக்கும் கொளத்தூர் வட்டாரத்தில், 1980களின் நடுப்பகுதியில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் ஒன்று இயங்கியது. திராவிடர் இயக்கத்தைச் சேர்ந்த கொளத்தூர் தா.செ. மணி போன்றோர் இடமும் ஆதரவும் கொடுத்தனர். பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் புலிகளின் தளபதி பொன்னம்மான். அவர் 1987 பிப்ரவரியில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நடந்த வெடிவிபத்தில் உயிரிழந்தார். அந்த இடத்துக்குப் புலியூர் என்ற பெயர் ஊர்மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. முகாம் இருந்தது வட்டாரத்தில் யாருக்கும் மறைவான செய்தியன்று. சந்தைக்கு வருவோரும் பேருந்தில் செல்வோரும் அறிந்த ஒன்றை மாநிலக் காவல்துறையும் மத்திய உளவு அமைப்புகளும் அறியாமல் இருந்திருக்க முடியாது. அறிந்தே அனுமதிக்கப்பட்ட முகாம் என்பதுதான் அதன் முதன்மையான இயல்பு. அனுமதி எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத அனுமதியை எந்த நாளிலும் திரும்பப் பெறலாம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

அந்த அனுமதியின் மூலம் தில்லியில் இருந்தது. 1968இல் தொடங்கப்பட்ட, வெளிநாட்டு உளவுப் பணிக்கான ரா எனப்படும் ஆய்வு மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு, 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்மீது நடந்த பெரும் வன்முறைக்குப் பிறகு, போராளி இயக்கங்களைச் சேர்ந்த இளைஞர்களை இமயமலைப் பகுதியிலுள்ள சக்ராத்தா உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பிப் பயிற்சி அளித்தது. அதே காலத்தில் பிரதமர் இந்திரா காந்தியின் தூதராக ஜி. பார்த்தசாரதி கொழும்புக்கும் தில்லிக்கும் இடையே சென்று அரசியல் தீர்வுக்கான திட்டத்தை வகுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் தீர்வுத் திட்டம், மறு கையில் பயிற்சி முகாம் என்ற இந்த ஏற்பாட்டின் நோக்கம் தனி ஈழம் அன்று. அமெரிக்கா, இஸ்ரேல் போன்ற நாடுகளின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த இலங்கையின் ஜெயவர்த்தனா அரசை நெருக்கி இந்தியாவின் சொல்லைக் கேட்க வைப்பதே அதன் உள்ளக்கிடக்கை. பயிற்சி பெற்ற இளைஞர்களோ தனி நாட்டுக்காகவே துப்பாக்கி பிடித்தார்கள். பயிற்சி கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இருந்த இந்த நோக்க வேறுபாடு முதல் நாளிலேயே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதே இரு தரப்பின் வசதியாகவும் இருந்தது.

1985 ஜூன் 18 அன்று போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டு, ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூட்டான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசுக்கும் தமிழ்த் தரப்புக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. இயக்கங்களை அந்த மேசைக்குக் கொண்டுவந்ததில் ராவின் தலைவர் கிரிஷ் சந்திர சக்சேனாவுக்குப் பெரும் பங்கு இருந்தது. புலிகளின் தலைவர் பிரபாகரன் உள்ளிட்ட முதன்மைத் தலைவர்கள் திம்புவுக்குச் செல்லவில்லை. சென்னையில் இருந்தபடி பிரதிநிதிகளை அனுப்பினார்கள். மேசையில் நடப்பவற்றைத் தலைவர்கள் உடனுக்குடன் அறிந்து முடிவு சொல்வதற்காகத் திம்புவிலிருந்து சென்னைக் கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு நேரடித் தொலைபேசி இணைப்பை இந்திய அதிகாரிகள் ஏற்பாடு செய்து தந்ததை, புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பதிவுசெய்திருக்கிறார். இந்தத் தொலைபேசி இணைப்பைச் சற்று நின்று நோக்குவது தகும். பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பு தன் தலைமையோடு தனியே கலந்து பேசும் உரிமை அடிப்படையானது. அந்தத் தனிமையே நடுவராக நின்ற நாட்டின் உளவு அமைப்பு இழுத்த கம்பியின் வழியாகச் சென்றது. கம்பியை இழுத்தவர் அதைக் கேட்காமல் இருந்திருப்பார் என்று போராளிகள் நம்பியிருக்க இடமில்லை. ஆகவே அந்தக் கம்பியில் பேசப்பட்டவை, எதிர்த்தரப்புக்குச் சொல்வதற்கு ஒப்பாகவே நடுவருக்கும் சொல்லப்பட்டவை ஆயின.

திம்புவில் தமிழ்த் தரப்பு ஒருமித்து முன்வைத்த நான்கு கொள்கைகள், அதாவது தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, மலையகத் தமிழர் உட்பட அனைவருக்கும் குடியுரிமை வேண்டும் என்பவை, இன்றுவரை ஈழ அரசியலின் அடிக்கல்லாக இருக்கின்றன. ஆகஸ்டில் வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்டதையடுத்துப் பேச்சு முறிந்தது. அந்த மாதமே தில்லி அரசு பாலசிங்கத்தையும் தமிழ்த் தரப்பின் வழக்கறிஞர் சத்தியேந்திராவையும் நாட்டைவிட்டு வெளியேற்றியது. நேற்றுவரை விருந்தினராக அழைத்து வந்தவரை இன்று விமானத்தில் ஏற்றி அனுப்பியது, தொடர்பை இயக்கியவர் நடுவர் அல்லர், தாம் விரும்பிய விடையை எதிர்பார்த்து நின்றவர் என்பதைப் போராளிகளுக்குத் தெளிவாக உணர்த்தியது.

இதற்கிடையே உளவு அமைப்புகளும் தங்களுக்குள் ஒன்றாக இல்லை. ரா வெளிநாட்டுப் பணிக்குரியது, ஐ.பி. எனப்படும் உளவுப் பணியகம் உள்நாட்டுப் பாதுகாப்புக்குரியது. தமிழ்நாட்டுக் காவல்துறைக்குத் தனியே உளவுப் பிரிவும், தீவிரவாத இயக்கங்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவும் இருந்தன. மாநில உளவுத்துறைத் தலைவராக இருந்த கே. மோகன்தாஸ், இயக்கங்களின் ஆயுதப் புழக்கம் தமிழ்நாட்டின் சட்டம் ஒழுங்குக்குக் கேடு என்ற கருத்துடையவர். பெங்களூரில் சார்க் மாநாடு நடைபெறுவதற்குச் சற்று முன்பாக, 1986 நவம்பர் 8 அன்று, மாநிலக் காவல்துறை தமிழ்நாடு முழுவதும் போராளி முகாம்களைச் சோதனையிட்டு ஆயுதங்களைக் கைப்பற்றியது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்தது. அதன்பின் தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தரக்கோரிப் பிரபாகரன் சென்னையில் உண்ணாநிலை மேற்கொள்ள, அவை திருப்பித் தரப்பட்டன. 1987 தொடக்கத்தில் அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார். போதாக்குறைக்கு, சென்னையில் போராளி இயக்கங்களோடு தொடர்புடைய பணியில் இருந்த ரா அதிகாரி ஒருவர், வேறொரு நாட்டின் உளவு அமைப்புக்குத் தகவல் கொடுத்தார் என்ற ஐயத்தின்பேரில் 1987இல் கைதானார்.

1987 ஜூலையில் நடந்தவை இந்த வரலாற்றின் மையம். அதற்கு முன் வடமராட்சியில் இலங்கைப் படை தாக்கியது, ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொருள்களை வீசியது, அதையடுத்து அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஓர் உடன்பாட்டை நோக்கி நகர்ந்தது ஆகியவை யாவரும் அறிந்தவை. ஜூலை 24 அன்று பிரபாகரன் யாழ்ப்பாணத்துச் சுதுமலையிலிருந்து இந்திய ஹெலிகாப்டரில் அழைத்துவரப்பட்டுத் தில்லியில் அசோகா ஓட்டலில் கருப்புப்பூனைப் படையின் காவலில் தங்கவைக்கப்பட்டார். உடன்பாட்டின் வாசகம் அவருக்கு அங்கேதான் காட்டப்பட்டது; வெளியே செல்லவோ யாரையும் தம் விருப்பப்படி சந்திக்கவோ இயலாத அறையில் அவருடைய இசைவு கேட்கப்பட்டது. உடன்பாட்டில் கையெழுத்திட்டவை இந்தியாவும் இலங்கையும் மட்டுமே. யார் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமோ அவர்களிடம் பெறப்பட்டது வாய்மொழி இசைவு. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் வாய்மொழி உறுதி. இடைக்கால நிர்வாகத்தில் புலிகளுக்குப் பெரும்பான்மை இடம், ஆயுத ஒப்படைப்புக்குப் பின் இயக்கத்தின் செலவுக்கு மாதந்தோறும் 50 லட்ச ரூபாய் என்பவை அந்த உறுதிகளில் அடங்கும். பணம் கொடுக்கப்பட்ட செய்தியை 1988இல் இந்தியத் தரப்பே ஒப்புக்கொண்டது.

புலிகள் எதிர்த்து நிற்பார்களா என்ற கேள்வி தில்லியின் கூட்டங்களில் எழுந்தபோது, அவர்கள் நாங்கள் நன்கறிந்த பையன்கள், எங்கள் சொல்லைக் கேட்பார்கள் என்ற பொருளில் ரா தரப்பு உறுதி சொன்னதாக, அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னாளில் எழுதியிருக்கிறார். இந்த ஒரு மதிப்பீட்டில்தான் இந்த உரையின் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. நான்காண்டுகள் பழகிய அதிகாரிகள், பழக்கத்தைக் கட்டுப்பாடு என்று கொண்டுவிட்டார்கள். பயிற்சிக்கு ஆள் அனுப்பியவர், பணம் பெற்றவர், சென்னையில் வீடு எடுத்துத் தங்கியவர் தம் கைக்குள் இருப்பவர் என்று நினைத்தார்கள். ஆயுதங்களை வெளிநாட்டுச் சந்தையில் தாமே வாங்கிக் கப்பலில் கொண்டுவரும் வலைப்பின்னலைப் புலிகள் அந்த ஆண்டுகளிலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தியா நடத்திய முகாம்களுக்கு வெளியே தம் சொந்த முகாம்களை அமைத்ததும் அதன் பகுதியே. கொளத்தூர் அந்த வகையைச் சேர்ந்தது. 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்து அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றது, இந்தியாவுக்கு மிக நெருக்கமான இயக்கத்தையே அவர்கள் விட்டுவைக்கமாட்டார்கள் என்பதைக் காட்டியிருந்தது. கண்முன் இருந்த இந்தச் சான்றுகள், மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டியவை. ஆனால் தொடர்பை நடத்தியவரே அதன் பயனையும் மதிப்பிட்டுச் சொன்னதால், தாம் வளர்த்த உறவு வீண் என்று சொல்லும் துணிவு யாருக்கும் வரவில்லை.

ஜூலை 29 அன்று கையெழுத்தான உடன்பாடு, செப்டம்பர் 26 அன்று புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த திலீபனின் உண்ணாநிலை மரணத்தோடும், இலங்கைப் படையிடம் பிடிபட்ட புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிருவர் அக்டோபர் 5 அன்று நஞ்சருந்தி இறந்ததோடும் உயிரிழந்தது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட இடைக்கால நிர்வாகம் பற்றி எழுத்தில் ஒரு பதிவு உண்டானது செப்டம்பர் இறுதியில்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அக்டோபர் 10 முதல் இந்திய அமைதி காக்கும் படை புலிகளோடு போரிட்டது.

போர் தொடங்கிய பிறகும் பின்வாசல் மூடப்படவில்லை என்பது இவ்வரலாற்றின் மிகவும் வேதனையான பக்கம். 1987 மார்ச்சில் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்த, புலிகளின் யாழ்ப்பாணத் தளபதி கிட்டு சென்னையில் தங்கியிருந்தார். இந்திய வீரர்கள் யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் வன்னிக் காடுகளிலும் கண்ணிவெடிகளில் சிதறிக்கொண்டிருந்த மாதங்களில், ரா அதிகாரிகள் சென்னையில் கிட்டுவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். காயமடைந்த இந்திய வீரர்கள் கொண்டுவரப்பட்ட அதே சென்னையில், அவர்களைக் காயப்படுத்திய இயக்கத்தின் அலுவலகமும் தொலைத்தொடர்பும் இயங்கின. இதைப் படைத்தளபதிகள் தெபிந்தர் சிங்கும் ஹர்கிரத் சிங்கும் தத்தம் நூல்களில் கசப்போடு குறிப்பிட்டிருக்கிறார்கள். போரில் எதிரியோடு பேசுவது தவறன்று. படைக்குத் தெரியாமல், படையின் நகர்வோடு இசையாமல் பேசுவதே தவறு. 1988 மார்ச்சில் ஜொனி என்ற புலித் தளபதி, இந்தியத் தரப்பின் ஏற்பாட்டில் சென்னையிலிருந்து வன்னிக்குச் செய்தி கொண்டு சென்றவர், இந்தியப் படையால் சுட்டுக்கொல்லப்பட்டார். தூது அனுப்பியதும் தூதனைக் கொன்றதும் ஒரே நாட்டின் இரு கைகள். அவர் பெயரையே புலிகள் தாம் செய்த ஒரு மிதிவெடிக்கு இட்டார்கள். ஜொனி மிதிவெடி அதன்பின் ஆண்டுக்கணக்கில் படைவீரர்களின் கால்களையும், வயலுக்குச் சென்ற உழவர்களின் கால்களையும் பறித்தது. 1988 ஆகஸ்டில் கிட்டு சென்னையில் கைதுசெய்யப்பட்டதோடு அந்த வழியும் அடைபட்டது. 1989இல் புலிகள், இந்தியப் படையை வெளியேற்ற விரும்பிய இலங்கை அதிபர் பிரேமதாசாவோடு நேரடியாகப் பேசத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்பியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை அதன்பின் எல்லாக் கதவுகளையும் சாத்தியது.

வேறு நாடுகளில் உளவு அமைப்புகள் இந்தப் பணியை நடத்திய விதம் ஒப்பிடத்தக்கது. வட அயர்லாந்தில் பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பைச் சேர்ந்த மைக்கேல் ஓட்லி, 1970களின் தொடக்கம் முதல், டெர்ரி நகரில் மீன் வறுவல் கடை நடத்திய பிரெண்டன் டடி என்ற வணிகர் வழியாக ஐரிஷ் குடியரசுப் படையோடு தொடர்பு வைத்திருந்தார். டடி யாருடைய கூலியாளும் அல்லர். இரு தரப்பிலும் தம் சொல்லால் மட்டுமே நின்றவர். பிரிட்டனின் அமைப்புகள் அந்த இயக்கத்துக்குள் வேவு பார்த்தது உண்மையே. ஆனால் ஆயுதம் கொடுத்து வளர்க்கவில்லை, செய்தி கொண்டுசெல்பவரை வேவுக்காரராக்கவும் இல்லை. அந்த வழியிலும் 1993இல் யார் எழுதியது என்று இன்றும் வழக்காடப்படும் ஒரு செய்தியால் பெருங்குழப்பம் நேர்ந்தது. என்றாலும் 1998 ஏப்ரல் 10 உடன்படிக்கைக்கு அது ஒரு படிக்கட்டாயிற்று. தென்னாப்பிரிக்காவில் தேசிய உளவு அமைப்பின் தலைவர் நீல் பர்னார்ட், சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவை 1988 முதல் பலமுறை சந்தித்தார்; 1989 செப்டம்பரில் அவருடைய அதிகாரிகள் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் தாபோ உம்பெக்கியையும் ஜேக்கப் சூமாவையும் கண்டு பேசினார்கள். எதிர்த்தரப்பை மாற்றியமைப்பதன்று, அதன் உள்ளத்தை அறிந்து தம் அரசுக்கு உள்ளபடி சொல்வதே அவர்கள் வேலையாக இருந்தது. இந்தியாவிலேயே மிசோ தேசிய முன்னணியின் லால்டெங்காவோடு உளவு அதிகாரிகள் 1970களில் ஐரோப்பாவில் தொடங்கிய தொடர்பு, அரசியல் தலைமை பொறுப்பேற்றுப் பேசிய பிறகே 1986 ஜூன் 30 உடன்பாடாகக் கனிந்தது. லால்டெங்காவின் தரப்பு அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தில்லியில் பிரபாகரனுக்குக் கிடைக்காத இடம் அது.

உளவு அமைப்புகள்மீது எல்லாப் பழியையும் சுமத்துவது நேர்மையன்று. 1983இல் போராளிகளோடு பேசும் ஆற்றல் வேறெந்த அரசுத் துறைக்கும் இல்லை. ரா இல்லாவிட்டால் திம்புவே இல்லை. அதிகாரிகள் அரசியல் தலைமையின் ஆணையைத்தான் நிறைவேற்றினார்கள். ஒரே அமைப்பிடம் மூன்று வேலைகளை ஒப்படைத்தது பிரதமர் அலுவலகம். புலிகளும் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள் அல்லர். எந்த உறுதியையும் காலம் கடத்தும் கருவியாகவே அவர்கள் கையாண்டார்கள், மாற்று இயக்கத்தவரையும் அரசியல் தலைவர்களையும் கொன்றொழித்தார்கள். ஆனால் தன் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்று கருதும் ஒரு பெரிய அரசின் பொறுப்பு, ஒரு போராளி இயக்கத்தின் பொறுப்பைவிடக் கூடுதலானது. ஒற்றறியும் பணியும் தூதுரைக்கும் பணியும் வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு மேலாளர்களின்கீழ் இருந்திருந்தால், வாக்குறுதிகள் ஒரு தாளிலேனும் எழுதப்பட்டு இரு தரப்பும் ஒப்பமிட்டிருந்தால், 1987 அக்டோபரில் போர் கட்டாயம் தவிர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஜொனி போன்ற தூதர் ஒருவர் தம்மை அனுப்பிய நாட்டின் துப்பாக்கியால் இறக்கும் நிலை வந்திராது.

இந்த முடிவுகளின் சுமையை நாற்பதாண்டுகளாகச் சுமக்கும் ஈழத்தமிழ் ஏதிலிகள் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தியிலும் சேலம் மாவட்டத்துப் பவளத்தானூரிலும் உள்ள முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாறின. வீடுகளும் புதிதாகக் கட்டப்பட்டு வருகின்றன. எனினும் 1991க்குப் பிறகு அங்கே பிறந்த தலைமுறைக்கும் தணிக்கை நாளில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டு, பணக்கொடைப் பதிவு, கியூ பிரிவின் கண் ஆகியவையே அரசின் முதல் அறிமுகமாக இருந்தன. தங்களைப் பற்றித் தில்லியிலும் சென்னையிலும் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஆனால் அந்த உரிமைக்கு வழியில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ராவையும் ஐ.பி.யையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் மட்டுமே விலக்கு. டெர்ரியின் பிரெண்டன் டடி தம் குறிப்பேடுகளையும் கடிதங்களையும் கால்வே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்; எந்த மாணவரும் அங்கே சென்று படிக்கலாம். இங்கே கிடைப்பவை தீட்சித், தெபிந்தர் சிங், ஹர்கிரத் சிங், மோகன்தாஸ், பாலசிங்கம் ஆகியோர் தத்தம் தரப்பை நியாயப்படுத்தி எழுதிய நூல்கள் போன்றவையே. அவற்றை ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்ப்பதற்கு மூல ஆவணம் வேண்டும். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் 25 ஆண்டு கடந்த கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வழிசெய்கின்றன. திம்புப் பேச்சுவார்த்தைக் குறிப்புகள், 1987 ஜூலை 24 முதல் 29 வரை அசோகா ஓட்டலில் நடந்த உரையாடல்களின் பதிவு, 1988இல் சென்னையில் கிட்டுவோடு பேசியோரின் அறிக்கைகள் ஆகிய மூன்று தொகுப்புகளையேனும், உயிரோடு இருக்கும் தகவலாளர்களின் பெயர்களை மறைத்துவிட்டு, மத்திய அரசு அந்தக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றும் தகுதி தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு உண்டு.